ஒதுக்கீடும் ஒரு சமனிலியும்: டர்பனில் திரும்பப் பெறப்பட்ட ஒரு தேற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவின் மையத்தில் இருக்கும் ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டாலில் இறக்கியதைத் தொடர்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில் வந்து, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம் அவருடையது. 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கெனத் தனியாகத் திறக்கப்பட்ட கல்லூரிக்குப் படகேறிப் போய்ப் படித்து, பிறகு பள்ளியில் கணிதம் கற்பித்தவர் அவருடைய தந்தை. வீட்டுப் பேச்சில் ஆங்கிலமே மிகுதி என்றாலும், ஆயாவோடும் (பாட்டி) தாய்மாமனோடும் பேசியதால் தமிழ் அவரிடம் தங்கிவிட்டது.

ஐரோப்பாவில் முனைவர் பட்டம் முடித்து அவர் டர்பனில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, அதே துறையில் புள்ளியியல் கற்பிக்கும் மூத்தவனாக நான் இருந்தேன். அவருடைய துறை கசிவுக் கோட்பாடு. 1957இல் பிராட்பென்ட்டும் ஹாமர்ஸ்லியும் இதைத் தொடங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தது, சுரங்கத் தொழிலாளரின் முகமூடியில் உள்ள கரித்துகள்களின் நுண்துளைகள் வழியே வாயு புகுந்து செல்லுமா என்ற நடைமுறைக் கேள்வி. ஒரு பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் குறிப்பிட்ட நிகழ்தகவில் திறந்தோ மூடியோ இருக்கும் என்று கொண்டால், திறந்த கட்டங்களின் தொடர்ச்சி எல்லையின்றி நீளத் தொடங்கும் மாறுநிலை மதிப்பு எது என்பதே இத்துறையின் முதல் வினா. வினா எளியது, விடை எளிதில் வரவில்லை. கட்டங்களுக்குப் பதிலாகச் சதுரப் பின்னலின் கோடுகள் திறந்தோ மூடியோ இருக்கும் மாதிரியில் மாறுநிலை மதிப்பு 1/2க்குக் குறையாது என்று ஹாரிஸ் 1960இல் காட்டினார். அது 1/2 தான் என்று கெஸ்டன் நிறுவியது 1980இல். அந்த இருபது ஆண்டு இடைவெளியை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் நான் நினைவூட்டுவதுண்டு. திரும்பப் பெற வேண்டிவந்த தேற்றத்தில் நாங்கள் செய்த பிழையின் வேர் அவசரத்திலும் இருந்தது என்பதால் அதை இங்கேயும் குறிப்பிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத் துறையில் இந்தப் பொருளை அறிந்த வேறொருவர் இல்லை. முதலாண்டு வகுப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, மாலையில் தனியாக அவர் ஆய்வு செய்தார். ஐயம் வந்தால் கேட்க அருகில் இருந்தது நான் ஒருவன்தான். எனக்கு அந்தப் பொருள் அரைகுறையாகவே தெரியும்.

எடுத்துக்கொண்ட வினா

கரும்பை வெட்டுவதற்கு முன் சோகையை (காய்ந்த தோகையை) எரித்துவிடும் வழக்கம் நேட்டால் கடற்கரைப் பகுதியில் நெடுங்காலமாக உண்டு. ஆயா வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணியின் மேல் கரிய சாம்பல் இழைகள் வந்து விழுவதையும், தட்டினால் கறை பரவும் என்பதால் ஊதித்தான் எடுக்க வேண்டும் என்று ஆயா சொன்னதையும் அவர் அடிக்கடி சொல்வார். எரிக்க வைத்த தீ கைமீறிப் பக்கத்து வயலுக்குத் தாவுவதும் உண்டு. வெட்டி முடித்த வயல் தீயைத் தடுக்கும். நிற்கும் கரும்பு அதைக் கடத்தும். பருவத்தின் நடுவில், சில வயல்கள் வெட்டப்பட்டும் சில நின்றும் இருக்கையில், எந்த விகிதத்தைத் தாண்டினால் தீ தடையின்றி நெடுந்தொலைவு செல்லும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா.

அவர் அமைத்த மாதிரி இது. நிலப்பரப்பு தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் ஒரு வயல். கட்டங்கள் சாய்சதுர வடிவப் பண்ணைகளாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பண்ணையிலும் ஒரே எண்ணிக்கையில் வயல்கள். ஆலை ஒவ்வொரு விவசாயிக்கும் நாள்தோறும் இத்தனை டன் என்று ஒதுக்கீடு தருவதால், குறிப்பிட்ட நாளில் ஒவ்வொரு பண்ணையிலும் வெட்டாமல் நிற்கும் வயல்களின் எண்ணிக்கை உறுதியானது. எந்தெந்த வயல்கள் என்பது மட்டும் தற்செயலானது. காற்றும் சாலைகளும் தீத்தடுப்புப் பாதைகளும் மாதிரியில் இல்லை என்பதை அவர் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

தேற்றம் என்று அவர் எழுதியது: பண்ணை எந்த அளவினதாக இருந்தாலும், பாதிக்கும் குறைவான வயல்கள் நின்றால் தீ எல்லைக்குட்பட்டு அணையும், பாதிக்கு மேல் நின்றால் எல்லையின்றிப் பரவ வாய்ப்புண்டு.

கட்டுரை எழுதப்பட்ட விதம்

நிறுவலின் முதல் பாதி இன்றும் நிற்கிறது. அறுகோணப் பலகையில், நிற்கும் வயல்கள் இடமிருந்து வலம் தொடர்ந்து சேரும், அல்லது வெட்டிய வயல்கள் மேலிருந்து கீழ் தொடர்ந்து சேரும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும், இரண்டும் சேர்ந்து நடக்காது. பண்ணைதோறும் சரிபாதி நிற்கும்போது, வெட்டியதையும் நிற்பதையும் இடம் மாற்றினாலும் நிகழ்தகவுப் பரவல் மாறாது. ஆகவே ஒரு பெரிய சாய்சதுரத்தைத் தீ கடக்கும் நிகழ்தகவு மிகச் சரியாக 1/2. இதற்கு வயல்கள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் பாதியில், சாய்சதுரங்களைக் கடக்கும் பாதைகளை ஒட்டி, நீண்ட செவ்வகங்களைக் கடக்கும் பாதைகளாக வளர்க்க வேண்டும். ருசோவும், சீமோர், வெல்ஷ் இருவரும் 1978இல் தந்த வழி இது. ஒட்டும் இடத்தில் ஒரு சமனிலி தேவைப்படும்: கூடுதல் வயல்கள் நின்றால் கெடாத இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு, அவற்றின் தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கலுக்குக் குறையாது. ஒன்றையொன்று சாராத கட்டங்களுக்கு இதை ஹாரிஸ் 1960இலேயே தந்தார். 1971இல் ஃபோர்ட்டூயின், காஸ்டலைன், ஜினிப்ரே மூவரும் இன்னும் விரிந்த வகுப்புக்கு நிறுவினார்கள். எங்கள் கைப்பிரதியின் பதினொன்றாம் பக்கத்தில் இந்தச் சமனிலி ஒரே வாக்கியத்தில் வந்தது. அந்த வாக்கியம் "நன்கு அறிந்தபடி" என்று தொடங்கியது.

கைப்பிரதி குளிர்கால விடுமுறையில் எழுதப்பட்டது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தரமதிப்பீட்டில் இளம் ஆய்வாளர்களுக்கான ஒய் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது; அதற்குள் ஆய்விதழுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அவசரம் எனக்கும் இருந்தது. நான் முழுவதையும் பென்சிலோடு படித்தேன். பதினொன்றாம் பக்கத்து வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு சரிக்குறி இட்டிருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தச் சரிக்குறி ஏன் அவ்வளவு எளிதாக விழுந்தது என்பதைப் பின்னர் நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் இடஞ்சார்ந்த தரவுகளைக் கையாளக் கற்ற எவருக்கும் டேனி கிரிகே ஓர் ஆசான். விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களின் மாதிரிகளை வைத்து அவர் 1951இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையை, பிரெஞ்சுக்காரரான மாத்தெரோன் விரித்து அவர் பெயராலேயே கிரிகிங் என்று வழங்கச் செய்தார். அந்தப் பயிற்சியின் உயிர்நாடி, அருகருகே இருப்பவை ஒத்திருக்கும் என்பது. பாறையில் ஓரிடத்தில் தங்கம் மிகுந்திருந்தால் பக்கத்திலும் மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம். முப்பது ஆண்டுகள் அந்த நினைப்போடு வேலை செய்த எனக்கு, நேர்மறைத் தொடர்பு என்பது ஐயப்படத் தோன்றாத ஒன்றாகிவிட்டிருந்தது.

கணினிப் பாவனையும் எங்களுக்குத் துணை நின்றது. பண்ணைக்கு நூறு வயல் என்று வைத்து ஓட்டிப் பார்த்தபோது, மாற்றம் பாதிக்கு அருகில்தான் நிகழ்ந்தது. சிறு பண்ணைகளை வைத்து நாங்கள் ஓட்டவில்லை. கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் இருவரும் பதினொன்றாம் பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

வயலில் கவனிக்கப்பட்டது

அடுத்த ஆண்டு அரவைப் பருவம் தொடங்கிய சில வாரங்களில், ஆய்வாளர் தம்மிடம் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவரை அழைத்துக்கொண்டு, டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் சிறு கரும்புப் பண்ணை வைத்திருக்கும் தம் தாய்மாமனைப் பார்க்கப் போனார். அந்த மாணவரின் ஆய்வேட்டில் மூன்றாம் அதிகாரம் முழுவதும் இந்தத் தேற்றத்தின் மேல் எழுப்பப்பட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரங்களே இருந்தன. நோக்கம், மாதிரியில் உள்ள பண்ணை அமைப்பு உண்மைக்குப் பொருந்துகிறதா என்று மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான்.

மேட்டு வயல் அன்று காலை வெட்டி முடிந்திருந்தது. அடுத்து ஆற்றோர வயலா என்று மாணவர் கேட்டார். மாமா சொன்ன பதிலை ஆய்வாளர் என்னிடம் அப்படியே சொன்னார்: "இல்லே தம்பி. மில்லுக்காரன் குடுத்த கணக்கு ஒண்ணுதானே. மேட்டு வயலை வெட்டினா ஆத்தோரம் நிக்கும். ஆத்தோரத்தை வெட்டியிருந்தா மேடு நின்னிருக்கும்."

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திய மாணவர், "அப்படின்னா மேடம், ஒரு வயல் நிக்கறது பக்கத்து வயல் நிக்க உதவுதா, தடுக்குதா?" என்று கேட்டிருக்கிறார். ஆய்வாளர் பெட்ரோல் ரசீதின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தார். நான்கு வயல்கள், இரண்டு மட்டும் நிற்கும். முதல் வயல் நிற்கும் நிகழ்தகவு 1/2. இரண்டாம் வயலுக்கும் 1/2. பெருக்கினால் 1/4. ஆனால் இரண்டும் சேர்ந்து நிற்கும் வழி, ஆறில் ஒன்றுதான்: 1/6. சமனிலி தலைகீழாக நின்றது.

பிழையின் தன்மை

மொத்த எண்ணிக்கை உறுதியாக இருக்கும்போது, ஒன்று நின்றால் மற்றொன்று நிற்கும் வாய்ப்பு குறையும். இத்தகைய எதிர்மறைத் தொடர்பை ஜோக்-தேவ், புரோஷன் இருவரும் 1983லேயே முறையாக ஆராய்ந்து, உறுதியான எண்ணிக்கையிலான தேர்வு அதற்கு நேரடி எடுத்துக்காட்டு என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது புதிய கண்டுபிடிப்பு அன்று. தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஹாரிஸின் சமனிலி பொருந்தாத இடத்தில் நாங்கள் அதைப் பொருத்திவிட்டோம். பாதைகளை ஒட்டும் படி விழுந்ததும் அதன் மேல் எழுப்பிய அனைத்தும் விழுந்தது.

தேற்றம் பொய் என்று யாரும் காட்டவில்லை. அது மெய்யாகவே இருக்கலாம் என்றுதான் பாவனைகள் சொல்லின. ஆனால் நிறுவல் கையில் இல்லாத தேற்றத்தைத் தேற்றம் என்று அச்சிட முடியாது.

எடுத்த முடிவுகள்

ஆய்வாளர் மறுநாள் காலை என் அறைக்கு வந்து ரசீதை மேசையில் வைத்தார். இரண்டு நாட்கள் இருவரும் உட்கார்ந்து, அந்தச் சமனிலி இல்லாமலே பாதைகளை ஒட்ட வழி உண்டா என்று தேடினோம். கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் சொன்ன அறிவுரை தவறானது. பதிப்பாசிரியருக்கு எழுதும் முன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், திருத்தம் கிடைத்துவிட்டால் பிழையையும் திருத்தத்தையும் ஒன்றாக அனுப்பலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. அச்சுப் படி எந்த நாளும் வரலாம். வந்தபின் நிறுத்துவது எல்லாருக்கும் கடினம். மேலும், முன்பதிப்பு (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் பிரதி) ஆர்க்சைவ் தளத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்து வேறொரு நாட்டில் யாரோ ஒரு மாணவர் தம் ஆய்வேட்டின் அதிகாரத்தை எழுதிக்கொண்டிருக்கலாம். "நம்ம மாணவருக்கு நடந்தது அவங்களுக்கும் நடக்கக் கூடாது" என்றார். எனக்கு மறுமொழி இல்லை.

முதலில் சொல்ல வேண்டியவர் மாணவர் என்று அவர் முடிவு செய்தார். கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்றாலும், தம் அதிகாரம் முழுவதும் விழுந்துவிட்டது என்பதை அவர் அதுவரை உணர்ந்திருக்கவில்லை. அன்று மாலையே மூவரும் அமர்ந்து, ஒப்படைக்கும் நாளை ஒரு அரையாண்டு தள்ளி வைக்கக் கேட்பது என்றும், தேர்வாளர்களுக்குக் காரணத்தை எழுத்தில் தருவது என்றும், தாமதத்தின் பொறுப்பு மாணவருடையதன்று என்பதை அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியமாக எழுதுவது என்றும் தீர்மானித்தோம்.

அதே வாரத்தில் ஆய்விதழின் பதிப்பாசிரியருக்குக் கடிதம் போயிற்று. பக்கம், வரி, தவறான வாக்கியம், நான்கு வயல் எடுத்துக்காட்டு ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. விளக்கமோ சமாதானமோ இல்லை. ஆர்க்சைவ் தளத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அங்கே பழைய பிரதி அழியாமல் கிடக்கும் என்பதால், எந்தத் துணைத்தேற்றம் ஏன் தவறு என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுதினார். தரமதிப்பீட்டு விண்ணப்பத்தையும் அவர் திரும்பப் பெற்றார். இதுதான் அவருக்கு மிகவும் வலித்த முடிவு என்று நினைக்கிறேன். முதிர்ந்த ஆய்வாளருக்கு ஒரு கட்டுரை போனால் ஒன்று போனதுதான், தொடக்கநிலையில் இருப்பவருக்கோ பட்டியலின் பாதி போய்விடுகிறது.

பின்னர் நடந்தவை

பதிப்பாசிரியர் மூன்று நாளில் நன்றி சொல்லி எழுதினார். மாணவரின் மூன்றாம் அதிகாரம், ஒதுக்கீட்டு மாதிரியில் எந்தெந்தச் சமனிலிகள் பொருந்தும், எவை பொருந்தா என்பதைச் சிறு பண்ணைகளில் எண்ணிப் பார்க்கும் அதிகாரமாக மாறியது. தேர்வாளர் ஒருவர் அதையே ஆய்வேட்டின் வலுவான பகுதி என்று குறித்தார்.

திருத்தத்திற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. முதல் எட்டு மாதம் பழைய தேற்றத்தை அப்படியே மீட்க முயன்றதில் போயிற்று. பிறகு ஆய்வாளர் கேள்வியையே தளர்த்தினார்: எல்லாப் பண்ணை அளவுக்கும் வேண்டாம், பெரிய பண்ணைகளுக்குப் போதும். ஒரு பண்ணையில் வயல்கள் ஏராளமாக இருந்தால், ஒதுக்கீட்டின்படி நிற்கும் வயல்களின் தொகுதியை, ஒன்றையொன்று சாராத இரண்டு தொகுதிகளுக்கு நடுவே செருக முடியும். ஒன்று விகிதத்தில் சற்றுக் குறைந்தது, மற்றது சற்று மிகுந்தது. ஒரு பக்கத்தில் இந்தச் செருகல் தோற்கும் நிகழ்தகவை ஹெஃப்டிங் 1963இல் தந்த வரம்பு கட்டுப்படுத்துகிறது. விகித வேறுபாடு 0.05 என்றால், ஆயிரம் வயல் கொண்ட பண்ணையில் அந்த வரம்பு 0.007க்கும் கீழே. நூறு வயலில் அதுவே 0.6க்கு மேல் போய்விடுகிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. மாமாவின் பண்ணையில் உள்ள வயல்கள் நாற்பதுக்கும் குறைவு.

செருகல் தோற்ற பண்ணைகள் அரிதானவை என்பதோடு, ஒரு பண்ணையின் தோல்வி மற்றொன்றைப் பாதிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பண்ணையையும் ஒரு பெரிய கட்டமாகக் கொண்டு, லிக்கெட், ஷோன்மன், ஸ்டேசி மூவரும் 1997இல் தந்த முடிவைப் பயன்படுத்தலாம்: அருகிலுள்ளவற்றை மட்டும் சார்ந்த, நல்லதாக இருக்க மிகுந்த வாய்ப்புள்ள கட்டங்களின் தொகுதி, ஒன்றையொன்று சாராத செறிவான தொகுதி ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்கும். இதன்படி, பாதியிலிருந்து எவ்வளவு சிறிய விலகலை எடுத்தாலும், அதற்கேற்ற அளவு பெரிய பண்ணைகளில் பழைய கூற்று பொருந்தும் என்று நிறுவ முடிந்தது. முதல் தேற்றத்தைவிட இது மெலிந்தது. வேறொரு ஆய்விதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முன்னுரையில், முந்தைய வடிவம் ஏன் திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு பத்தி இருக்கிறது. மாமாவுக்கும் மாணவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லியிருக்கிறார்.

தரமதிப்பீட்டுக்கு அவர் அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பித்து ஒய் பிரிவைப் பெற்றார். ஓராண்டு இழப்பு என்பது அதில் உண்மையான இழப்புதான். அந்த ஆண்டுக்கான பயண நிதி அவருக்குக் கிடைக்கவில்லை, ஐரோப்பாவில் நடந்த ஒரு பட்டறைக்குப் போக முடியவில்லை.

மாற்றிக்கொண்டவை

பிழையின் நேரடிக் காரணம் ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் கண்ணில் படாமல் தப்பிப் போகக் காரணமாக இருந்தவை பல, அவற்றில் என் பங்கு சிறியதன்று. துறையில் பொருளறிந்த இரண்டாவது ஆள் இல்லாதபோது, என் சரிக்குறியை அவர் ஒரு வல்லுநரின் சரிக்குறியாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது நான் எனக்கு உறுதியாகத் தெரிந்த பக்கங்களில் மட்டும் குறியிடுகிறேன். மற்றவற்றின் ஓரத்தில் "படித்தேன், சரிபார்க்கவில்லை" என்று எழுதுகிறேன். இது வெளியூர் நண்பர் ஒருவரிடம் கைப்பிரதியை அனுப்பும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறது. அது நடக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆய்வாளர் தம் மாணவர்களுக்கு விதித்திருக்கும் வழக்கம் வேறு. கைப்பிரதியில் பயன்படும் ஒவ்வொரு சமனிலிக்கும் அதன் நிபந்தனையைத் தனித்தாளில் எழுதி, இந்த மாதிரியில் அது பொருந்துகிறது என்பதை மிகச் சிறிய எடுத்துக்காட்டில், கையால், எண்ணிக் காட்ட வேண்டும். இரண்டு கட்டம், மூன்று கட்டம், நான்கு கட்டம். கணினிப் பாவனை இதற்கு மாற்றாகாது; பெரிய பண்ணையில் எதிர்மறைத் தொடர்பு மெலிந்துவிடுவதால்தான் எங்கள் பாவனை எங்களை எச்சரிக்கவில்லை. "நன்கு அறிந்தபடி" என்ற தொடர் அவர் குழுவின் எழுத்தில் இப்போது இல்லை.

கட்டுரை அச்சேறிய பின் ஆய்வாளர் மாமாவிடம் போய் முடிவை விளக்கியிருக்கிறார். தம் பண்ணை அளவுக்கு இது ஒன்றும் சொல்லவில்லையே என்று அவர் கேட்டார். காற்றடிக்கும் நாளில் தீப்பொறி இரண்டு வயல் தாண்டி விழுவதை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். தாவும் தீப்பொறியை நெடுந்தொலைவு இணைப்புகள் கொண்ட மாதிரியாக ஆய்வாளர் இப்போது எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார். நாற்பது வயல் பண்ணைக்கு மாறுநிலை மதிப்பு சரிபாதிதானா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. பெட்ரோல் நிலையத்தில் கேள்வி கேட்ட அந்த மாணவர் முனைவர் பட்டத்திற்கு அதையே எடுத்திருக்கிறார்.